ஹெவ்லொக் டவுனிலிருந்து கிளிநொச்சிக்கு ஒரு குசினி

வெள்ளவத்தையில் சிநேகிதி ஒருத்தியின் அறையில் முகம் கழுவி, தேநீர் குடித்து, டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தை வழியே பாமன்கடை வரை நடந்து, அங்கிருந்து 120ஆம் இலக்க பஸ்ஸில் ஏறி ஹெவ்லொக் வீதியில் நாங்கள் இறங்கியபோது காலை எட்டு மணிகூட ஆகவில்லை. என்னோடு வந்த அக்கா இரவு முழுவதும் கிளிநொச்சி பஸ்ஸில் இருந்து வந்தவர். அவருடைய கையில் ஓர் உரப்பை. அதற்குள் அளவு நாடா, இரண்டு திருப்புளி, ஒரு கட்டுப் பழைய சாரித் துண்டுகள், நாலைந்து வெறும் யோகட் கோப்பைகள்.

"கொழும்புக்கு வாறவை சாமான் வாங்க வெறும் பையோட வருவினம். நான் கழட்டுற சாமானோட வந்திருக்கிறன்" என்று சொல்லிச் சிரித்தார்.

நாங்கள் போனது ஒரு குசினியைக் கழற்றிக்கொண்டு வருவதற்கு. சுவரோடு சேர்த்துப் பூட்டிய கீழ் அலுமாரி, மேல் அலுமாரி, கீழ் அலுமாரிக்கு மேல் ஒரு கருங்கல் பலகை, நடுவில் சிங்க். கொழும்பில் இதனைப் 'பான்ட்ரி' என்று அழைக்கிறார்கள். உடைக்கப்படவிருந்த ஒரு வீட்டின் பான்ட்ரி அது.

ஏன் பழையதைத் தேடி இவ்வளவு தூரம் வந்தோம் என்று நீங்கள் கேட்கலாம். பரந்தனுக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் ஒன்பது பெண்கள் சேர்ந்து சாப்பாட்டுப் பார்சல் செய்து வருகிறார்கள். அவர்களுள் ஆறு பேர் குடும்பத்தைத் தனியே தாங்குபவர்கள். கூட்டம், செயலமர்வு என்று வரும் நாட்களில் ஐம்பது அறுபது பார்சல் போகும். மற்ற நாட்களில் பத்துப் போனாலே பெரிது. இந்நிலையில் ஒரு பயிற்சி நிலையம் மாதம் முழுவதும் மதியச் சாப்பாடு எடுக்க முன்வந்தது. எல்லோருக்கும் கனவு போல இருந்தது. ஆனால் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து பார்த்தார். நிலத்தில் வைத்து வெட்டக் கூடாது, கழுவித் துடைக்கக்கூடிய மேசை வேண்டும், ஓடும் தண்ணீருடன் கழுவு தொட்டி வேண்டும், சமைத்ததை மூடி வைக்க அலுமாரி வேண்டும் என்று எழுதிக் கொடுத்து, மூன்று மாத அவகாசமும் தந்துவிட்டுப் போனார். அவர் சொன்னதில் பிழை எதுவும் இல்லை. அடுப்படியிலே கோழி ஏறி நடப்பதை நானே பார்த்திருக்கிறேன்.

புதிதாகப் பான்ட்ரி அடிப்பதற்குக் கேட்ட விலையைக் கேட்டதும் ஒன்பது பேரும் மௌனமானார்கள். கடன் எடுப்போம் என்று சொல்ல ஒருவரும் துணியவில்லை. கிழமைக்குக் கிழமை வீட்டு வாசலில் வந்து நிற்கும் நுண்கடன்காரரைப் பற்றி இந்த இதழைப் படிக்கும் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. 2018இல் வரட்சியால் பாதிக்கப்பட்ட 12 மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட பெண்களின் நுண்கடன்களை அரசாங்கம் நீக்குவதாக அறிவித்தது எங்கள் கிராமங்கள் பட்டபாட்டைப் பார்த்துத்தான். அந்தப் பட்டியலில் தன் பெயர் வருமா என்று நாட்கணக்கில் காத்திருந்தவர்களுள் இந்த அக்காவும் ஒருவர். "மண் அடுப்பில கிடந்து சாவன், இன்னொருக்காக் கடன் கடுதாசியில கையெழுத்து வைக்கமாட்டன்" என்றார். அப்போதுதான் வெள்ளவத்தைச் சிநேகிதி இந்த வீட்டைப் பற்றிச் சொன்னாள்.

ஹெவ்லொக் டவுன் என்பது கொழும்பு 5. 1890களில் இலங்கையின் தேசாதிபதியாக இருந்த சேர் ஆர்தர் ஹெவ்லொக்கின் பெயர் இது. ஃபைஃப் வீதி, எலிபாங்க் வீதி, லேயாட்ஸ் வீதி என்று இங்குள்ள பல வீதிகளும் வெள்ளைக்காரப் பெயர்களையே இன்னும் சுமந்துகொண்டிருக்கின்றன. இசிபதன விகாரை, அதன் பெயரைக் கொண்ட பாடசாலை, ஹெவ்லொக் பூங்கா எல்லாம் கூப்பிடு தூரத்திலே. காலி வீதிப் பக்கத்து வெள்ளவத்தையில் தமிழ்க் கடைகளும் கோயில்களும் சனமும் நெரிசலுமாக இருக்கும். இங்கே மதிலும் மரமும் அமைதியும். ஆனால் அந்த மதில்களுக்குள்ளும் ஒரு காலத்தில் நிறையத் தமிழ்க் குடும்பங்கள் இருந்தன, இப்போதும் இருக்கின்றன. உத்தியோகத்தர், வைத்தியர், ஆசிரியர் என்று சம்பளத்தில் சேமித்து வீடு கட்டியவர்கள்.

அந்தத் தனி வீடுகள்தான் இப்போது ஒவ்வொன்றாகப் போகின்றன. பழைய வெள்ளவத்தை நூல் நெசவாலை இருந்த பெரிய காணியில் இன்று ஹெவ்லொக் சிற்றி என்ற மாடிக் கோபுரங்கள் நிற்கின்றன. சிறிய வீதிகளிலும் இதே கதைதான். பிள்ளைகள் வெளிநாடு, பெற்றோருக்கு வயது, காணிக்கு நல்ல விலை. வீட்டை உடைக்கும் கொந்தராத்துக்காரர் முதலில் வந்து கதவு, யன்னல், தேக்கு மரம், ஓடு, வயர், பைப் என்று தட்டிப் பார்த்து மொத்தமாக ஒரு விலை பேசுவார். நிலை, கதவு எல்லாம் பழைய சாமான் விற்கும் கடைகளுக்குப் போய், இன்னொரு வீட்டில் ஏறும். சமூகவியல் படிக்கும் காலத்தில் நகரம் வளர்வது பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினேன். நகரம் இப்படிக் கழன்று கழன்று வேறு இடங்களுக்குப் போவது பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை.

நாங்கள் போன வீட்டு அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது. கணவர் இறந்து நீண்ட காலம். மகன் கனடாவில், மகள் லண்டனில். அடுத்த மாதம் வெள்ளவத்தையில் ஒரு சிறிய மாடி வீட்டுக்குப் போகவிருக்கிறார். குசினியை மட்டும் கொந்தராத்துக்காரருக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார். "அவன் அலவாங்கால இழுத்துப்போட்டு மரத்தை மட்டும் எடுப்பான். அதைப் பார்த்துக்கொண்டு நிக்க எனக்கு ஏலாது" என்றார்.

குசினியைப் பார்த்ததும் எங்கள் அக்கா வாசலிலேயே நின்றுவிட்டார். மொறட்டுவைத் தச்சர்கள் 1990இல் செய்த முழுத் தேக்கு அலுமாரிகள். கல் பலகை பிறகு மகன் போட்டுக் கொடுத்தது. சிங்குக்குக் கீழிருந்த ஒரு பெட்டி மட்டும் பின்னாளில் மாற்றிய தூள்பலகை. தண்ணீர் பட்டுப் பட்டு ஊதிப்போய், தொட்டால் கொட்டுண்டது. அதனை விட்டுவிடத் தீர்மானித்தோம். பழைய அலுமாரி வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். கதவின் அழகைப் பார்க்காதீர்கள். குனிந்து அடிப்பக்கத்தையும் சிங்குக்குக் கீழேயும் விரலால் அழுத்திப் பாருங்கள். முழு மரம் நூறு தரம் கழற்றிப் பூட்டினாலும் தாங்கும். தூள்பலகையில் ஒருமுறை கழன்ற திருகாணி அதே ஓட்டையில் மறுபடி இறுகாது.

வேலையைத் தொடங்குமுன் விலைப் பேச்சு நடந்தது. அம்மா இனாமாகத் தருவதாகத்தான் சொல்லியிருந்தார். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"சும்மா வேண்டாம் அம்மா. சும்மா வாங்கின சாமானை ஆரும் எப்பவும் வந்து படம் எடுக்கலாம்."

எனக்குச் சுருக்கென்றது. மீள்குடியேற்றத்துக்குப் பிறகு இந்தக் கிராமங்களுக்கு வந்த தண்ணீர்த் தொட்டி, தையல் மெசின், கோழிக்கூடு எல்லாவற்றிலும் ஏதாவதொரு நிறுவனத்தின் ஸ்ரிக்கர் இருந்தது. நானும் அப்படியான படங்களை எடுத்து அறிக்கையில் ஒட்டியவள்தான். அம்மா அக்காவைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "சரி பிள்ளை, பத்தாயிரம் தா. ஐந்து மாதத்தில தா" என்றார். அக்கா இடுப்பிலிருந்து இரண்டாயிரம் எடுத்து எண்ணிக் கொடுத்தார். முதல் தவணை.

ஒன்பது மணிக்கு பாஸ் வந்தார். களனிப் பக்கத்துச் சிங்களவர். பாதித் தமிழ், பாதிச் சைகை. உதவிக்கு இரண்டு பெடியன்கள். அவர் முதற்கண் அலவாங்கைத்தான் எடுத்தார். அக்கா அதனை மெல்ல வாங்கிக் கதவோரம் சாத்தி வைத்துவிட்டு, திருப்புளியை நீட்டினார்.

அதன்பின் அன்று முழுவதும் வேலையை நடத்தியவர் அக்காதான். முதலில் என்னைக் கொண்டு எல்லாப் பக்கமும் கைத்தொலைபேசியில் படம் எடுப்பித்தார். ஒவ்வொரு பெட்டிக்கும் கதவுக்கும் ஒட்டுத்தாளில் இலக்கம். மேல் அலுமாரி 'மே 1, மே 2', கீழ் அலுமாரி 'கீ 1, கீ 2'. கதவின் இலக்கமும் பெட்டியின் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒரே அளவு போலத் தோன்றும் கதவுகள் இடம் மாறினால் பிணைச்சல் ஒருபோதும் சரியாக விழாது. பிரதான தண்ணீர் வால்வைப் பூட்டி, பைப்பைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடியவிட்டோம். காஸ் சிலிண்டரின் ரெகுலேற்றரைக் கழற்றி, சிலிண்டரை முற்றத்தில் நிமிர்த்தி வைத்தோம். சமையல் எரிவாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாமல் நிலத்தோடு தவழ்ந்து மூலைகளில் தங்கும். 2021 கடைசியில் நாடெங்கும் அடுப்படிகளில் நடந்த வெடிப்புகளை யாரும் மறந்திருக்கமாட்டோம். பழைய காஸ் குழாயை அக்கா தொடவே இல்லை. குழாயும் ரெகுலேற்றரும் புதிதாகத்தான் வாங்குவது என்று ஏற்கெனவே பேசி வந்திருந்தோம்.

பிறகு இழுப்பறைகள், கதவுகள். கழன்ற திருகாணிகளும் பிணைச்சல்களும் யோகட் கோப்பைகளுக்குள் போயின. கோப்பைக்கும் அதே இலக்கம். கதவு போன பெட்டி பாதிப் பாரம்தான். அடுத்தது மேல் அலுமாரி. அதனை இறக்கிய பின்னரே கல் பலகையில் கை வைக்கலாம். கல்லை எடுத்தால்தான் கீழ் அலுமாரி வரும்.

"எங்கே அக்கா இதெல்லாம் பழகினீங்கள்?" என்று கேட்டேன்.

"2008இல பழகினது" என்றார் திருப்புளியிலிருந்து கண்ணெடுக்காமல். "கிளிநொச்சியில வீட்டுக் கூரைத் தகரம், கதவு, யன்னல் எல்லாம் கழட்டி ரக்ரரில ஏத்தினனாங்கள். தருமபுரத்தில பூட்டினம். பிறகு கழட்டி விசுவமடு. பிறகு சுதந்திரபுரம். ஒவ்வொரு இடத்திலயும் ஏதோ கொஞ்சம் விடுபட்டுப்போகும். முதல் கதவு, பிறகு யன்னல். கடைசியில ஒரு தறப்பாளும் ஒரு பானையும். ஆணியை அடிச்சு வளைக்கக் கூடாது, அடுத்த இடத்துக்குத் தேவை எண்டு இவர்தான் சொல்லித் தந்தவர்."

'இவர்' பற்றி அவர் மேலே எதுவும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. வன்னியில் அந்த வருடம் வீடுகள் ரக்ரரில் போனதைப் பார்த்தவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள்.

பதினொரு மணியளவில் மூன்றாவது மேல் அலுமாரியை இறக்கினார்கள். அதன் பின்னாலிருந்த சுவரைக் கண்டதும் பெடியன்கள் கையை நிறுத்திவிட்டார்கள். சுற்றிலும் வெள்ளைச் சுவர். அலுமாரி இருந்த அந்த நீள்சதுரம் மட்டும் கரிக் கறுப்பு. சில இடத்தில் பூச்சு வெடித்துச் செங்கல் தெரிந்தது.

அம்மா கதவு நிலையைப் பிடித்தபடி நின்றார். 1983 ஆடியில் அந்த வீடு எரிக்கப்பட்டது. அவர்கள் பின்மதிலால் அயல்வீட்டுச் சிங்களக் குடும்பத்திடம் ஏறிப் போய், பிறகு அகதி முகாம், பிறகு கப்பலில் காங்கேசன்துறை. நாலு வருடம் கழித்துத் திரும்பி வந்து, கணவரின் சம்பளத்தில் ஒவ்வோர் அறையாகத் திருத்தினார்கள். "குசினியைக் கடைசியாத்தான் செய்தம். எல்லாச் சுவரையும் கொத்திப் பூசினவங்கள். இந்தத் துண்டை மட்டும் பூச வேண்டாம் எண்டனான். மேல அலுமாரியை அடிக்கச் சொன்னனான்" என்றார்.

"ஏன் அம்மா?" என்று கேட்டது நான்தான். கேட்டிருக்கக் கூடாதோ என்று பின்னர் நினைத்தேன்.

"தெரியேல்லை பிள்ளை. அதுக்குப் பின்னால அது இருக்குதெண்டு எனக்குத் தெரியும். அது காணும்."

பாஸுக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தன் பெடியன்களை வெளியே போய்த் தேநீர் குடிக்கச் சொன்னார். அம்மாவும் அக்காவும் அந்தச் சுவருக்கு முன்னால் இரண்டு பலகைக்கட்டைகளில் இருந்து, வெகுநேரம் மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். நான் முற்றத்தில் யோகட் கோப்பைகளைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் அம்மா சோறும் பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும் தந்தார். அயலில் ஓர் அடுப்பு இரவல் வாங்கிச் சமைத்தது. சாப்பிடும்போது ஜேர்மனியில் இருக்கும் என் மச்சாளைப் பற்றிச் சொன்னேன். அங்கே பல வாடகை வீடுகளில் குசினியே இருக்காதாம். வெறும் சுவரும் தண்ணீர்ப் பைப்பும் மட்டும். குடியிருந்தவர் போகும்போது அலுமாரி, சிங்க், அடுப்பு எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு போவார்; அல்லது வருபவருக்கு ஒரு விலைக்கு விட்டுப் போவார். மச்சாள் இதுவரை மூன்று வீடு மாறியபோதும் குசினியும் அவளோடு மாறியது. சுவரோடு பூட்டும் இந்த வகைக் குசினியின் தொடக்கமும் அந்த நாட்டில்தான். 1926இல் பிராங்போர்ட் நகரத்துத் தொழிலாளர் குடியிருப்புகளுக்காக மார்கரெட்டே சுட்டே-லிகொட்ஸ்கி என்ற பெண் கட்டடக் கலைஞர் ஒரு குசினி வரைந்தார். சுமார் 1.9 மீற்றர் அகலம், 3.4 மீற்றர் நீளம். வேலைக்குப் போய் வரும் பெண் வீணாக ஓர் அடிகூட நடக்கக் கூடாது என்பது கணக்கு. ஏறத்தாழ 10,000 வீடுகளில் அது பூட்டப்பட்டது. பின்னர் நாஜிகளை எதிர்த்ததற்காக 1941இல் கைதாகி, யுத்தம் முடியும் வரை சிறையில் இருந்தவர் அவர். அந்தக் குசினியை வரையும் வரைக்கும் தான் சமைத்ததே இல்லை என்று வயதான காலத்தில் சொல்லியிருக்கிறார்.

"அதுதான் ஒராள் மட்டும் நிக்கிற மாதிரிச் சின்னதாக் கீறியிருக்கிறா" என்றார் அக்கா. "நாங்கள் ஒன்பது பேர் நிக்க வேணும்."

பின்னேரம் நடந்த பிழை என்னுடையது. கருங்கல் பலகை 20 மில்லிமீற்றர் தடிப்பு. ஒரு சதுர மீற்றரே 50 கிலோவுக்கு மேல் நிறுக்கும். அதனைக் கண்ணாடி போல விளிம்பில் நிமிர்த்தித்தான் தூக்க வேண்டும். படுக்கவைத்துத் தூக்கினால் தன் பாரத்தாலேயே முறியும், அதிலும் சிங்குக்காக வெட்டிய துவாரத்துக்குப் பக்கத்தில். பாஸ் இதைச் சொல்லிவிட்டுத்தான் தூக்கினார். பின்கதவுப் படியில் ஒரு பெடியனுக்குக் கை வழுக்கியதைக் கண்டு நான் பதறிப்போய், இரண்டு ஸ்ரூலை இழுத்துக் கொடுத்து "இதில வையுங்கோ, இதில வையுங்கோ" என்று கத்தினேன். அவர்கள் படுக்க வைத்தார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். துவாரத்தின் முன்பக்கமும் பின்பக்கமும் இருந்த ஒடுங்கிய பட்டிகள் முறிந்து, கல் இரண்டாகிவிட்டது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒன்பது பேரின் மூன்று மாத அவகாசத்தில் ஒன்றரை மாதம் ஏற்கெனவே முடிந்திருந்தது. அக்கா குனிந்து உடைந்த ஓரத்தைத் தடவினார். பிறகு இரண்டு துண்டையும் தனித்தனியே அளந்து, "தங்கச்சி, ரெண்டு துண்டெண்டால் தூக்கிறதும் சுகம்" என்றார்.

லொறி இருட்டிய பிறகு வந்தது. வடக்கிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு பேலியகொடைச் சந்தைக்கு வந்து, இறக்கிவிட்டுத் திரும்பும் லொறி. இப்படித் திரும்பும் லொறியைப் பிடித்தால் தனியே வாடகைக்கு அமர்த்துவதில் பாதிக்கும் குறைவாகவே கேட்பார்கள். வெங்காய வாசத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். மரம் கொண்டுபோனால் வழியில் அனுமதிப்பத்திரம் கேட்கக்கூடும் என்பதால், இவை பாவித்த வீட்டு அலுமாரிகள் என்று வீட்டு அம்மாவின் கடிதமும், அந்தப் பகுதிக் கிராம சேவகரின் கையொப்பமும் எடுத்திருந்தோம். கல் துண்டுகளை லொறியின் பக்கப் பலகையோடு நிமிர்த்தி, இடையில் பழைய மெத்தை வைத்துக் கட்டினோம். பெட்டிகளுக்கு இடையில் சாரித் துண்டுகள். எல்லாவற்றுக்கும் மேலே தறப்பாள். புரட்டாதி மாதம், கொழும்பில் பின்னேர மழை தொடங்கிவிட்டது.

அம்மா வாசல் வரை வந்தார். லொறி திரும்பும் வரை நின்றார். கை காட்டவில்லை.

நாங்கள் இருவரும் சாரதித் தம்பிக்குப் பக்கத்தில் இருந்தோம். நீர்கொழும்பு, சிலாபம், புத்தளம் என்று ஊர்கள் இருளில் போயின. 2007 ஆனி 7ஆம் திகதி விடியப்புறத்தில், வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை விடுதிகளில் தங்கியிருந்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பஸ்களில் ஏற்றி வவுனியா முதலிய இடங்களுக்கு அனுப்பினார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதனை நிறுத்தியது. பொதி கட்ட அரை மணித்தியாலம்கூடக் கிடைக்காதவர்கள் அவர்கள். இன்று எங்களுக்குத் திருகாணிக்கு இலக்கம் போட ஒரு முழு நாள் கிடைத்திருந்தது.

மதவாச்சி தாண்டியதும் அக்கா விழித்துக்கொண்டார். ஓமந்தையில் இப்போது சாவடி இல்லை. 2015இல் அது எடுபட்டுவிட்டது. ஆனாலும் அந்த இடம் வந்ததும் அவருடைய கை தன்னையறியாமல் கைப்பையில் அடையாள அட்டையைத் தேடியது. 1990இலிருந்து வன்னிக்குச் சீமெந்தும் பற்றறியும் போகமுடியாமல் கிடந்த வீதி இது. அதே வீதியால் கருங்கல்லும் தேக்கும் வெங்காய வாசத்தோடு போய்க்கொண்டிருந்தன. முறிகண்டியில் சாரதித் தம்பி லொறியை நிறுத்தி, பிள்ளையாருக்குக் கற்பூரம் கொளுத்தினார். அக்கா ஐந்து சுருள் கச்சான் வாங்கினார். விடியத் தொடங்கியிருந்தது.

கிராமத்தில் எட்டுப் பேரும் ஒழுங்கை முகப்பில் நின்றார்கள். இறக்கும்போதுதான் அடுத்த தவறு தெரிந்தது. குசினி அறையின் நீளம், அகலம், யன்னல் உயரம் எல்லாம் அளந்த நான், வாசல் கதவை அளக்கவில்லை. மூலைக்குரிய அலுமாரி 36 அங்குலச் சதுரம், 34 அங்குல உயரம். ஹெவ்லொக் டவுன் வீட்டுப் பின்கதவு அகலமானது. இங்கே நிலைக்குள் 30 அங்குலம்தான். எந்தப் பக்கம் திருப்பினாலும் நுழையாது. அலுமாரியை அறுக்கலாம் என்றார் ஒருவர். முற்றத்திலேயே வைத்திருப்போம் என்றார் இன்னொருவர், மழை வரப்போகிறது.

அக்கா கதவு நிலையைக் கையால் அளந்தார். இரு பக்கச் சட்டமும் மூன்று மூன்று அங்குலம். "நிலையைக் கழட்டினால் முப்பத்தாறு. பக்கவாட்டில படுக்கவைச்சால் போகும்" என்றார். "கதவு கழட்டிறது எங்களுக்குப் புதுசோ?"

ஒன்பது பேரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிக்க முடியவில்லை. ஒன்றரை மணித்தியாலத்தில் நிலை வெளியே வந்தது; மூலை அலுமாரி மயிரிழையில் உள்ளே போனது. பிறகு மேசன் நிலையைத் திரும்ப வைத்துப் பூசினார்.

பூட்டும் வேலை நாலு நாள் எடுத்தது. அதில் கொழும்பு முறை அப்படியே சரிவரவில்லை. இங்கே சுவர் உட்பொள் உள்ள சீமெந்துக் கல்; முழுத் தேக்கு மேல் அலுமாரிகளை வெறும் ஆணியில் தொங்கவிட்டால் ஒருநாள் யாருடைய தலையிலோ விழும். இரண்டை மட்டும், சுவரைத் துளைத்து மறுபக்கத்தில் இரும்புத் தட்டு வைத்து முடுக்கினோம். மற்றவற்றை நிலத்தில் வைத்து மாவும் சரக்குத்தூளும் வைக்கும் அலுமாரியாக்கினோம். நிலத்தில் என்றாலும் நேராக அல்ல. வன்னியில் கறையான் தேக்கைக்கூடச் சுவை பார்க்காமல் விடாது. ஆறு அங்குலச் சீமெந்துக் கட்டு எழுப்பி, அதன் மேலே வைத்தோம்; கீழே தண்ணீர் அடித்துக் கழுவவும் அது வசதி. உடைந்த கல் துண்டுகள் இரண்டும் சிங்கின் இரு பக்கமும் ஏறின. நடுவிலிருந்த குறைக்கு மேசன் ஓடு பதித்தார். கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்து ஏற்ற, வெளியே ஓர் உயரத் தொட்டி. காஸ் பூட்டியதும் இணைப்புகளில் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று பார்த்தோம். விறகு அடுப்பையும் விடவில்லை. கொட்டிலுக்குள் அதற்கொரு புகைபோக்கி கட்டினார்கள். 2022இல் காஸுக்கு வரிசையில் நின்ற எவரும் விறகு அடுப்பை இடிக்கச் சம்மதிக்கமாட்டார்கள். அறுபது பேருக்குச் சோறு வடிக்க அதுதான் சிக்கனமும்கூட.

பரிசோதகர் அவகாசம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது வந்தார். கல்லைத் தட்டிப் பார்த்தார், அலுமாரியைத் திறந்து மூடினார். யன்னலுக்குப் பூச்சி வலை அடிக்க வேண்டும், குப்பைவாளிக்கு மூடி வேண்டும் என்று இரண்டு குறை எழுதினார். இரண்டும் அந்தக் கிழமையே செய்தாயிற்று. பயிற்சி நிலையத்துக்கு முதல் நாள் நாற்பத்திரண்டு பார்சல் போனது. கத்தரிக்காய்க் குழம்பு, பருப்பு, கீரை, பொரித்த மிளகாய்.

அன்று பின்னேரம் நான் அங்கே இருந்தேன். பாத்திரமெல்லாம் கழுவிக் கவிழ்த்த பிறகு அக்கா தொலைபேசியை எடுத்து ஹெவ்லொக் டவுன் அம்மாவுக்குக் கதைத்தார். அம்மா வெள்ளவத்தை மாடி வீட்டுக்குப் போய் ஒரு கிழமையாகியிருந்தது. இரண்டாம் தவணை பஸ்ஸில் வரும் ஒருவரிடம் கொடுத்துவிட்டதையும், கூடவே கொஞ்சம் மிளகாய்த்தூளும் ஒடியல்மாவும் வைத்ததையும் சொன்னார். பிறகு, "அம்மா, அந்த மூண்டாவது இழுப்பறை திறக்க மாட்டன் எண்டு நிக்குது. திறப்பு ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்.

ஒலிபெருக்கியில் போட்டிருந்ததால் எனக்கும் கேட்டது.

"திறப்பெல்லாம் இல்லைப் பிள்ளை. அது முதல் நாளிலயிருந்தே அப்படித்தான். கொஞ்சம் மேல தூக்கி, இடப்பக்கம் தட்டிப்போட்டு இழு."

அக்கா தூக்கி, இடப்பக்கம் தட்டி, இழுத்தார். திறந்தது.